நான் கிளம்பினால் எரியாத கிரில்

1. மோடி வித்தை

"ஏலே எத்திராசு, நீ ரிப்பேர் பாக்கியா, இல்ல மோடி வித்தை காட்டுதியா?"

சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் முதலாளி ஆரம்பித்துவிட்டார். எழுபதுகளின் தொடக்கம். தி.நகரில் கேஸ் அடுப்பு விற்கிற கடை. பின்னால் ரிப்பேர். நான் அங்கே மெக்கானிக். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காலையில் சாமி படத்துக்கு மாலை போடாமல் வியாபாரம் தொடங்க மாட்டார். மாலை போட்ட பிறகு எந்தப் பொய்யும் சொல்லுவார்.

"இன்னா மொதலாளி?"

"மயிலாப்பூர் கிரில்லுதாம்லே. நேத்து சாயங்காலம் மறுபடி எரியலையாம். அந்த வீட்டு அய்யரு வந்து இந்தா இங்க நின்னுட்டுப் போறாரு. என்னலே செஞ்ச?"

"நேத்து காலைல பட்டனை நாலு தபா அமுக்கினேன். நாலு தபாவும் பத்திக்கிச்சு. அந்தம்மா பாத்துகினு தான் இருந்தாங்க."

"பெறவு ஏன் சாயங்காலம் பத்தல?"

"அத்த கிரில்லைத்தான் கேக்கணும்."

"பேச்சு மட்டும் நல்லாப் பேசு. அது திரும்பி வந்துதுன்னா நீயே தலையில சொமந்துட்டுப் போ."

வாரம் தவறாமல் இதே கதை. நான் போனால் எரியும். நான் கிளம்பினால் எரியாது. வயரை மாற்றினேன். பட்டனைப் பிரித்துத் துடைத்தேன். கேஸ் வருகிற ஜெட்டை ஊசியால் குத்தினேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் சங்கடம். கெட்டுப்போன சாமானை ரிப்பேர் செய்யலாம். கெடாத சாமானை என்ன செய்வது?

2. துரை வீட்டுச் சாமான்

அந்த அடுப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடையாறில் ஒரு வெள்ளைக்கார கம்பெனி மேனேஜர் ஊருக்குக் கிளம்பினார். வீட்டுச் சாமானை எல்லாம் விற்றார். முதலாளி போய் இந்த அடுப்பை எடுத்து வந்தார். மேலே நாலு பர்னர். அதற்குக் கீழே ஒரு பெட்டி. அதுதான் கிரில். கிரில்லுக்குள் பர்னர் தலைகீழாக இருக்கும். தீ கீழ்நோக்கி எரியும். கீழே வைத்த சாமானைச் சுடும்.

குச்சி கிழித்து உள்ளே கையை விட்டால் முடி கருகும். அதனால் முன்பக்கம் ஒரு பட்டன். அமுக்கினால் 'டக்' என்று சத்தம். உள்ளே ஒரு வெள்ளைப் பீங்கான் குச்சி, அதன் நுனியில் ஊசி. ஊசியிலிருந்து பர்னருக்கு ஒரு நீலப் பொறி குதிக்கும். கேஸ் பத்திக்கொள்ளும். அதற்குப் பெயர் இக்னைட்டர். அந்தக் காலத்தில் மெட்ராஸில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

கிரில் உள்ளே கொழுப்பு அப்பிக் கிடந்தது. துரை வீட்டில் என்ன சுட்டிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடு, பன்றி, எல்லாம்தான். காஸ்டிக் சோடா போட்டு நான்தான் சுரண்டினேன். மேலே முதலாளி அலுமினியம் பெயிண்டு அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

வாங்க வந்தவர் ஆழ்வார்பேட்டைக்காரர். ஏதோ ஆபீஸில் குமாஸ்தா. பெண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு மயிலாப்பூர் குளத்துப் பக்கம். சீர் வரிசையில் ஃபாரின் அடுப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். புது ஃபாரின் அடுப்புக்கு அவர் எங்கே போவார்?

"இதுல என்ன பண்ணிண்டிருந்தா?" என்று அவர் கேட்டார்.

"தொரை வீட்டம்மா கேக்கு மட்டும்தான் சாமி சுடுவாவ" என்றார் முதலாளி. கழுத்தில் மாலையோடு சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் பார்த்தேன்.

3. குளிப்பதற்கு முன்

கல்யாணம் முடிந்து மயிலாப்பூர் வீட்டில் அடுப்பை மாட்டியதும் நான்தான். விடியற்காலையில் வரச் சொன்னார்கள். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கொல்லைக் கதவு வழியாக உள்ளே போக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா ஓரமாக நின்றுகொண்டு சட்டம் சொன்னாள்.

"நான் ஸ்நானம் பண்றதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிடணும். அப்பறம் நீ வந்தா எனக்கு மடி போயிடும், மறுபடி ஸ்நானம் பண்ணணும். எதைத் தொடணுமோ அதை மட்டும் தொடு."

"அடுப்பைத் தொடாம எப்படிம்மா அடுப்பு மாட்றது?"

"வாயைப் பாரு."

அன்றைக்குப் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். எரிந்தது. வந்துவிட்டேன். சாயங்காலம் தெருவில் இருக்கிற மாமிகளை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த அம்மா பொத்தானை அமுக்கியிருக்கிறாள். டக். ஒன்றும் இல்லை. டக், டக். கேஸ் நாற்றம்தான் வந்ததாம். மாமிகள் காபியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு எதிரி அடுப்பு இல்லை. மருமகள்.

அந்தப் பெண் பெயர் வசந்தா. கொல்லைக் கதவைத் திறந்துவிடுவது அவள்தான். மாமியார் குளிக்காமல் அடுப்புப் பக்கம் வரமாட்டாள். அதனால் என்கூட நின்று விளக்குப் பிடித்ததும் அவள்தான்.

ஒரு நாள் மாமியார் அவள் காதில் விழ என்னிடம் சொன்னாள்:

"ஏண்டாப்பா, நீ இருக்கறச்சே எரியறது. இவ தொட்டா எரியமாட்டேங்கறது. சில பேர் கை ராசி அப்படி. ஆடிக்கு இவ அப்பா அழைச்சுண்டு போக வருவார். இந்த அடுப்பையும் கையோட எடுத்துண்டு போகட்டும். எரியற அடுப்பா ஒண்ணு கொண்டுவந்தா, இவளும் திரும்பி வரட்டும்."

கல்யாணம் ஆன முதல் ஆடியில் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். ஆடி முடிந்தால் திரும்பிவிடுவாள். இவளுக்குத் திரும்பி வர ஒரு பர்னர் பத்த வேண்டும். இதுதான் நிலைமை.

மாப்பிள்ளைக்குப் பாங்கில் வேலை. கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருப்பார். அவர் வாயைத் திறந்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். மாமனார் ரிட்டயர் ஆனவர். வெள்ளைக்காரன் காலத்து ஆபீசில் பெரிய வேலை பார்த்தவர் என்று பேச்சு. கூடத்தில் பேப்பரை விரித்து அதற்குப் பின்னால் இருப்பார். டாக்டர் எண்ணெய் கூடாது என்றதால் அவருக்குச் சுட்ட அப்பளம். அதற்குத்தான் கிரில்.

வசந்தா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "மெக்கானிக், ஆடிக்குள்ள சரியாயிடுமா?"

"ஆயிடும்மா" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

4. மறந்து வைத்த ஸ்க்ரூடிரைவர்

முதலாளி மோடி வித்தை என்று திட்டினாரே, அதற்கு மறுநாள் காலையிலும் போனேன். அமுக்கினேன். எரிந்தது. அணைத்தேன். கிளம்பினேன். தெருமுனை வரை சைக்கிள் மிதித்த பிறகுதான் சின்ன ஸ்க்ரூடிரைவர் இல்லை என்று தெரிந்தது. துவைக்கிற கல்மேல் வைத்தது ஞாபகம் வந்தது. திரும்பினேன்.

கொல்லைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல்.

"மேல மட்டும் இல்லடி. உள்ளேயும் விடு. அவன் கை எங்கெல்லாம் போச்சோ, அங்கெல்லாம் விடு."

வசந்தா சொம்பு சொம்பாகத் தண்ணீரை அடுப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பர்னர் வழியாகக் கிரில்லுக்குள் இறங்கிக் கதவு வழியாகக் கொட்டியது. மாமியார் தள்ளி நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுல தண்ணி படலாமோ?"

"ஏன், ஒங்கப்பா சக்கரையிலயா அடுப்பு பண்ணிக் குடுத்திருக்கார், கரைஞ்சு போறதுக்கு? அந்தப் பட்டன்மேல விடு. அதைத்தான் கண்ட கையால அமுக்கி அமுக்கிப் பாத்தான்."

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டேன்.

பீங்கான் காய்ந்திருந்தால்தான் பொறி குதிக்கும். ஈரமாக இருந்தால் கரண்டுக்குக் குதிக்கிற கஷ்டம் எதற்கு? ஈரத்தின் மேலேயே நடந்து இரும்புக்குள் போய்விடும். சத்தம் வரும், பொறி வராது. ராத்திரி முழுக்கக் காய்ந்தால் காலையில் மறுபடி குதிக்கும். அப்போது நான் வருவேன். நான் தொடுவேன். நான் தொட்டதால் கழுவுவார்கள். கழுவினதால் எரியாது. எரியாததால் என்னைக் கூப்பிடுவார்கள்.

நான் வராத நாளிலும் தண்ணீர் உண்டு. சோறு வடித்த அடுப்பு அவர்களுக்குப் பத்து, எச்சில் மாதிரி. தண்ணீர் விட்டு அலம்பினால்தான் மறுபடி சுத்தம். மத்தியானம் அலம்புவார்கள். சாயங்காலம் அப்பளம் சுட அமுக்குவார்கள். டக்.

அந்தக் கிரில்லைக் கெடுத்தது என்னுடைய கை. ஆனால் நான் ஒன்றும் செய்யாமலே கெடுத்திருக்கிறேன். அது ஒரு தனித் திறமைதான்.

5. தெரிந்தவர்

கதவைத் தட்டினேன். மாமியார் திடுக்கிட்டுப் பின்னால் போனாள்.

"அம்மா, அந்தப் பீங்கான்ல தண்ணி படக்கூடாது. தண்ணி பட்டாத்தான் பத்தல. வேற ஒண்ணுமில்ல."

"அப்போ நீ தொட்டதை அப்படியே வெச்சுண்டு சமைக்கணுங்கறயா?"

"நான் இனிமே தொடலம்மா."

"சாதம் வடிக்கிற அடுப்பை அலம்பாம எப்படி? பத்துன்னு ஒண்ணு இல்லையா? உனக்கு அதெல்லாம் தெரியாது." பிறகு வசந்தாவைப் பார்த்தாள். "கேட்டுண்டியோன்னோ? அலம்பக்கூடாதாம். இது நம்மாத்துக்கு ஆகாது. ஆடிக்குப் போறச்சே எடுத்துண்டு போ. திரும்பி வரதைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

உண்மையைச் சொன்னேன். நிலைமை இன்னும் மோசமானது. 'எரியற அடுப்பு வந்தால் வரட்டும்' என்று இருந்தது 'அப்பறம் பேசிக்கலாம்' ஆகிவிட்டது. அந்தப் பெண் சொம்பை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வந்திருக்கும்.

சந்தில் சைக்கிளை எடுக்கும்போது மாமனார் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றார். கையில் பேப்பர்.

"தண்ணி விடறதுனாலதான், இல்லையா?" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"மொதல் நாளே தெரியும்ப்பா."

"சொல்லியிருக்கலாமே சார்."

"யார் சொல்றது?" என்றார். பேப்பரை மடித்தார். போய்விட்டார்.

எங்கள் பேட்டையில் பொண்டாட்டியிடம் அடி வாங்குகிறவனைப் பார்த்திருக்கிறேன். அவன்கூட வாசலில் நின்று நாலு வார்த்தை கத்திவிட்டுத்தான் அடி வாங்குவான். இவர் பெரிய ஆபீசைக் கட்டி ஆண்டவர்.

6. நீளக் கம்பி

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு.

"அடுப்பை ஆழ்வார்பேட்டைக்குத் திருப்பி அனுப்பினா, அந்தக் குமாஸ்தா இங்கல்லா வந்து நிப்பாரு. எதையாவது மாத்தி வைலே. திரும்பி வரப்படாது. சாமி சத்தியமாச் சொல்லுதேன்."

சாமி மாலைக்குள் இருந்தார்.

எனக்கு முதலாளி முக்கியமில்லை. அந்தப் பெண் திரும்பி வருவதுதான் முக்கியம். ஆனால் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். இக்னைட்டர் தண்ணீருக்குத் தாங்காது. அந்த வீட்டில் தண்ணீர் நிற்காது. அப்படியானால் இக்னைட்டர் போக வேண்டும். அடுப்பு இருக்க வேண்டும்.

நீளமான இரும்புக் கம்பி ஒன்று எடுத்தேன். நுனியை வளையமாகச் சுருட்டினேன். அதில் பஞ்சுத் திரி சொருகலாம். கிரில் பக்கவாட்டில் கம்பி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட வேண்டும். பீங்கான் இருந்த இடத்தைத் தகடு வைத்து அடைக்க வேண்டும். முதலில் எரிகிற திரியை உள்ளே விடு, பிறகு கேஸ் திருகைத் திற. மாற்றிச் செய்தால் புருவம் போகும். அவ்வளவுதான் வித்தை. ஃபாரின்காரன் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்ததைக் கழற்றிவிட்டு, நான் விளக்குத் திரியை வைத்தேன். இதற்கு மெக்கானிக் தேவையே இல்லை.

மறுநாள் விடியற்காலை போனேன். ஓட்டை போட்டேன். பட்டனோடு பீங்கானையும் கழற்றிப் பையில் போட்டேன்.

"அம்மா, இனிமே எவ்ளோ தண்ணி வேணா ஊத்துங்க. பட்டனே கெடையாது. சாமி விளக்குல திரியைக் கொளுத்தி இந்த ஓட்டைல விடுங்க. பத்திக்கும்."

"ஸ்வாமி விளக்குலேர்ந்தா?" முகம் மாறியது. அந்த வீட்டில் நான் சொன்னதில் அந்த அம்மா காது கொடுத்தது இது ஒன்றுக்குத்தான். "அது நன்னாருக்கே. டீ வசந்தா, திரி கொண்டா."

வசந்தா கம்பி நுனியில் திரியைச் சொருகி, சாமி விளக்கில் கொளுத்திக் கொண்டுவந்தாள். ஓட்டையில் விட்டாள். திருகைத் திறந்தாள். 'குப்'. தீ பர்னர் முழுக்க ஓடிப் பிடித்துக்கொண்டது.

"ஒடனே அணைக்காதே. எரியட்டும். இவன் போனப்பறம் அணையறதான்னு பாக்கணும். நீயும் இரு. நான் சொல்றப்போ போ."

நின்றேன்.

7. வாடை

அந்தக் கிரில் அந்த வீட்டில் அதுவரை விடாமல் எரிந்ததில்லை. காலையில் நான் பத்தவைத்து உடனே அணைப்பேன். சாயங்காலம் பத்தாது. இப்போதுதான் முதல் தடவையாகச் சூடு ஏறியது. பெட்டியின் கூரைத் தகடு சிவந்தது. நான் சுரண்டிய இடம் எல்லாம் சரி. சுரண்ட முடியாத இடுக்கு ஒன்று மேல் தகட்டுக்குள் இருந்தது.

வாடை வந்தது.

முதலில் பெயிண்டு. பிறகு அதற்குப் பின்னால் இன்னொன்று. கொழுப்பு உருகுகிற வாடை. எனக்கு அது என்ன என்று உடனே தெரிந்தது. கூடத்தில் பேப்பர் கீழே இறங்கியது.

மாமியார் மூக்கைச் சுளித்தாள். "என்னது இது? என்ன நாத்தம்? ஏதோ பிணம் எரியறாப்பல."

வசந்தா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் அப்பா வாங்கியது துரை வீட்டுச் சாமான் என்பது தெரியும்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தொட்டதற்குச் சொம்பு சொம்பாக ஊற்றினீர்களே, அதற்கு முன்னால் இது எதைத் தொட்டது தெரியுமா என்று கேட்டிருக்கலாம். அந்த அம்மா கங்கையைக் கொண்டுவந்து ஊற்றினாலும் போதாது. வாய் வரைக்கும் வந்தது. நல்ல ருசியாகவே இருந்தது.

ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அந்த அம்மா ஒரு நாள் குளிப்பாள். இந்தப் பெண் ஆயுசுக்கும் ஆழ்வார்பேட்டையில் இருப்பாள்.

"பெயிண்டும்மா" என்றேன். "புதுசு. காயுது."

"பெயிண்ட் இப்படியா நாறும்? பொய் சொல்றயா? டீ, ஒங்கப்பா என்னத்தைடி வாங்கிக் குடுத்திருக்கார்?"

மாமனார் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தார். பேப்பர் இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூக்கை உயர்த்தி ஒரு முறை இழுத்தார்.

"பெயிண்ட்தான்டி" என்றார். "எங்க ஆபீஸ் கேன்டீன்ல புது பாய்லர் வெச்சப்போ இதே வாடைதான். ரெண்டு நாள் இருக்கும். போயிடும். அந்தப் பொண்ணை விட்டுட்டு நீ குளிக்கப் போ."

மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் அடுப்பையே மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். குளிக்கப் போனாள்.

அந்த வீட்டில் அவர் பெண்டாட்டிக்கு எதிரில் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் பொய். அந்த வாடை அவருக்கு எப்படித் தெரிந்தது, எந்தத் துரை வீட்டு விருந்தில் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்துக்குப் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

வசந்தா கொல்லைக் கதவு வரை வந்தாள்.

"மெக்கானிக், அது பெயிண்டா?"

"பெயிண்டுதாம்மா."

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி?"

"ரொட்டி சுட்டாங்க."

"ரொட்டின்னே இருக்கட்டும்" என்றாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

8. மிச்சம்

ஆடிக்குப் போனாள். ஆடி முடிந்து வந்துவிட்டாள். அடுத்த வருஷம் ரெகுலேட்டர் மாற்றப் போனபோது இடுப்பில் குழந்தையோடு கொல்லைக் கதவைத் திறந்தாள். கிரில்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. மாமியார் தள்ளி நின்று, "இப்போதான் இது அடுப்பு மாதிரி இருக்கு" என்று என்னிடமே பெருமை பேசினாள். பல வருஷம் அதில் அப்பளம் சுட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ரிப்பேர் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பட்டன் அமுக்கிப் பொறி வரவில்லை என்றால் உடனே பிரிக்காதே. காய வை. காய்ந்தால் வருகிறதா பார். வந்தால், நீ போன பிறகு அந்த வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார். அதைப் பார்க்க வேண்டுமானால் எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போ. கண்டுபிடித்த பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எதைச் சொன்னால் அடுப்பு எரியும், எதைச் சொன்னால் வீடு எரியும் என்று தெரிந்துகொள்.

கழற்றிய இக்னைட்டர் இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கிறது. எப்போதாவது அமுக்கிப் பார்ப்பேன். டக். நீலப் பொறி. ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. என் வீட்டில் அதை யாரும் கழுவுவதில்லை.